கம்பெனி செலவில் பயிற்சி எடுத்து அமெரிக்காவில் டிரக் டிரைவராவது எப்படி?

இந்தக் கேள்வியோடு என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போலவே வந்தவர்கள். அண்ணனோ அக்காவோ ஸ்பான்சர் செய்து, பத்து பதினைந்து வருடம் காத்திருந்து, நாற்பதைத் தாண்டிய வயதில் கிரீன் கார்டோடு இறங்கியவர்கள். ஊரில் பார்த்த வேலைக்கு இங்கே மதிப்பில்லை. கேஸ் ஸ்டேஷன் கல்லாவில் பத்து மணி நேரம் நின்று கால் வீங்கிப்போய், "அண்ணே, இந்த டிரக் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

போகலாம். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். டிரெய்லர் ஓட்ட சிடிஎல் என்ற வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும், அதிலும் 'கிளாஸ் ஏ'. தனியார் பள்ளியில் இதைப் படித்தால் பல ஆயிரம் டாலர் ஆகும். அந்தப் பணம் இல்லாதவர்களுக்குத்தான் கம்பெனிப் பயிற்சி. செலவைக் கம்பெனி போடும், பதிலுக்குச் சில மாதங்களோ ஓர் ஆண்டோ அவர்களிடமே ஓட்டுவதாக நாம் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பாண்டு எழுதி வாங்குவார்களே, அதேதான். விளம்பரத்தில் 'இலவசப் பயிற்சி' என்று போட்டிருந்தாலும், அதைக் கடனாக நினைத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில், உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்த விஷயத்தில் கவலை இல்லை. வெறும் வேலை அனுமதி அட்டையோடு இருப்பவர்கள் (எச்-4 விசாவில் இருக்கும் கணவர், மனைவி உட்பட) அவசரப்பட வேண்டாம். 2025 செப்டம்பரில் வந்த இடைக்கால விதி, வெளிநாட்டவருக்கான சிடிஎல்லை எச்-2ஏ, எச்-2பி, இ-2 என்ற மூன்று விசாக்காரர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே, இருக்கிற வேலையை விடுவதற்கு முன் உங்கள் மாநில லைசென்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய், உங்கள் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கம்பெனி ஆள்சேர்ப்பாளர் போனில் சொல்வதை நம்பி இதில் இறங்காதீர்கள்.

மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் எல்லாமே எல்லை தாண்டும் என்பதால் 18 வயதுப் பையன்களுக்கு வாய்ப்பு குறைவு.

ஆங்கிலம். சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் பேசவும், சாலைப் பலகைகளை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2025 ஜூன் 25 முதல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறார்கள். தேறவில்லை என்றால் வண்டியை அங்கேயே ஓரங்கட்டி, மேற்கொண்டு ஓட்ட விடமாட்டார்கள். இலக்கணம் பிசகாமல் பேச வேண்டும் என்று இல்லை. எங்கிருந்து வருகிறாய், என்ன லோடு, எத்தனை மணிக்குக் கிளம்பினாய், காகிதங்கள் எங்கே என்ற கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வீட்டில் உட்கார்ந்து பழகிவிடுங்கள்.

அப்புறம் உடல்நிலை. அரசுப் பதிவேட்டில் உள்ள மருத்துவரிடம் 'டிஓடி பிசிக்கல்' என்ற போக்குவரத்துத் துறை உடல் பரிசோதனை எடுக்க வேண்டும். இரண்டு கண்களிலும், கண்ணாடி போட்டோ போடாமலோ, 20/40 பார்வை வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டுக்குச் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு மேல் 160/100-க்குள் இருந்தால் ஓர் ஆண்டுக்குத்தான். நம்மில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. இன்சுலின் போடுகிறவர்களும் 2018-லிருந்து ஓட்டலாம்; ஆனால் உங்கள் சொந்த டாக்டரிடம் தனிப் படிவம் வாங்க வேண்டும், மூன்று மாத சர்க்கரை அளவுப் பதிவும் காட்ட வேண்டும். குறட்டை பலமாக விடுகிறவரை, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பலாம். எதையும் மறைக்காதீர்கள். படிவத்தில் பொய் சொன்னது பின்னால் தெரிந்தால் சான்றிதழே ரத்தாகும்.

போதைப்பொருள் சோதனையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கலாம்; சிடிஎல்காரருக்கு நாடு முழுக்க அது தடைதான். மூட்டு வலிக்கு என்று கடையில் விற்கும், கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுத்த சிபிடி எண்ணெய், கம்மி மிட்டாய் இவற்றையும் தொடாதீர்கள். "எண்ணெய்தான் சாப்பிட்டேன்" என்ற விளக்கத்தை ஏற்க மாட்டார்கள். 2020 ஜனவரி முதல் 'கிளியரிங்ஹவுஸ்' என்ற மத்தியப் பதிவேட்டில் சோதனையில் சிக்கியதெல்லாம் ஏறுகிறது, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சில கம்பெனிகள் சிறுநீரோடு முடியையும் எடுத்துச் சோதிக்கும். அதில் மூன்று மாதத்துப் பழக்கம்கூடத் தெரியும்.

கம்பெனிக்குப் போன் போடும் முன்

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் 'அமெரிக்கன் ஜாப் சென்டர்' என்ற அரசு அலுவலகம் இருக்கும். 2014-ஆம் ஆண்டு வியோவா சட்டத்தின் கீழ், வேலை இழந்தவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தொழிற்பயிற்சிக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சிடிஎல் பயிற்சிக்குப் பல இடங்களில் இந்தப் பணம் கிடைக்கிறது. விண்ணப்பம், நேர்காணல், ஒப்புதல் என்று வாரக்கணக்கில் இழுக்கும், எல்லோருக்கும் கிடைக்கும் என்றும் இல்லை. கிடைத்துவிட்டால் சமுதாயக் கல்லூரியில் நிதானமாகப் படித்து, யாருக்கும் பாண்டு எழுதாமல், பிடித்த கம்பெனியில் சேரலாம். நான் சேர்ந்த காலத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் என்னைக் கூப்பிடும் ஒவ்வொருவருக்கும் இதை முதலில் சொல்கிறேன்.

கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது

அங்கே கிடைக்கவில்லை, அல்லது காத்திருக்க முடியாது, சரி. மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிரைம், விஸ்கான்சினின் மார்ஷ்ஃபீல்டில் ரோல், சால்ட் லேக் சிட்டியில் சி.ஆர். இங்கிலாந்து, அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஸ்விஃப்ட், அயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் சிஆர்எஸ்டி என்று புதியவர்களைப் பயிற்றுவிக்கும் பெரிய கம்பெனிகள் பல. இவை பெரும்பாலும் நாடு முழுக்க ஓடும் வேலைகள். வாரக்கணக்கில் வீட்டுக்கு வர முடியாது. சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் இன்னொரு வழியையும் பாருங்கள். ஓல்டு டொமினியன் போன்ற பார்சல் சரக்குக் கம்பெனிகள், குடோனில் வேலை செய்யும் தங்கள் ஆட்களையே டிரைவராக்குகின்றன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் கொஞ்சக் காலம் காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கே பல தடங்களில் தினமும் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அரசின் 'பயிற்சி அளிப்போர் பதிவேட்டில்' அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 2022 பிப்ரவரி 7 முதல், அந்தப் பதிவேட்டில் உள்ள இடத்தில் படித்தால்தான் முதல் முறை சிடிஎல் எடுப்பவர் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கே போக முடியும்.

ஆள்சேர்ப்பாளரிடம் கேட்க வேண்டியவை: பயிற்சி நாட்களில் சம்பளம் உண்டா? தங்குமிடம், சாப்பாடு யார் செலவு? நான் வரும் பஸ் டிக்கெட் பணத்தைப் பின்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வீர்களா? டிரெய்னரோடு எத்தனை வாரம், அப்போது என்ன சம்பளம்? மாதத்துக்கு எத்தனை நாள் வீடு? பதில்களை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர், எழுதித் தா என்றதும் சுருதி இறங்கினால் உங்களுக்கே விளங்கிவிடும்.

ஒப்பந்தம்

இந்த ஒரு இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மோட்டல் அறையில் முதல் நாள் இரவு, பஸ்ஸில் வந்த களைப்போடு, முப்பது பேரை வரிசையில் நிற்க வைத்து ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே படித்துப் பார்க்க நேரம் இருக்காது. கிளம்புவதற்கு முன்பே நகலை அனுப்பச் சொல்லுங்கள். தர முடியாது என்றால் அடுத்த கம்பெனிக்குப் போங்கள்.

படிக்கும்போது பார்க்க வேண்டியது: பயிற்சியின் விலை என்று எவ்வளவு போட்டிருக்கிறார்கள்? வட்டி உண்டா? பாதியில் விட்டால் மாதம் தோறும் கழிந்த மீதியைக் கட்டினால் போதுமா, அல்லது பதினோராம் மாதத்தில் விட்டாலும் முழுத் தொகையா? கம்பெனியே நீக்கினால் என்ன? தேர்வில் தோற்றால் என்ன? உடம்புக்கு முடியாமல் போனால் என்ன? கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்களா? கட்டவில்லை என்றால் வசூல் நிறுவனத்துக்கு அனுப்புவார்களா?

அதோடு, ஓர் ஆண்டு என்பது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? நான் இதைப் படிக்காமல் விட்டேன். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டு, மார்ச்சில் முடிகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நான்காம் பக்கத்தில், தனியாக முதல் லோடு எடுத்த நாளிலிருந்து என்று இருந்தது. ஜூன் வரை ஓட்டினேன். மே மாதம் அக்கா மகள் வளைகாப்புக்கு ஊருக்குப் போக எடுத்த டிக்கெட் வீணாய்ப் போனது.

புரியாத வரி இருந்தால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஐம்பது டாலர் கொடுத்தாவது காட்டலாம்.

லேர்னர் பெர்மிட்

மாநிலத்தின் சிடிஎல் கையேடு இலவசமாகக் கிடைக்கும். பள்ளிக்குப் போகும் முன்பே வீட்டில் படித்து இதை முடித்துவிட்டால் அங்கே பாதிச் சுமை குறையும். பொது அறிவு, ஏர் பிரேக், இணைப்பு வண்டி என்ற மூன்று தேர்வுகள். நூற்றுக்கு எண்பது வேண்டும். பொது அறிவுப் பகுதியை விட ஏர் பிரேக் பகுதிதான் பலருக்கு உதைக்கிறது. பெர்மிட் கையில் வந்த பிறகு குறைந்தது 14 நாள் கழித்துத்தான் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகலாம். தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில்

மூன்று நான்கு வாரம். ஓட்டுவது கடினம் என்று பயந்து வருவார்கள்; ஆனால் முதலில் ஆட்டம் காண வைப்பது வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லி, தட்டி, "விரிசல் இல்லை, வளைவு இல்லை, கசிவு இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பரிசோதனை. முன் டயரின் தட ஆழம் 4/32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, மற்ற டயர்களில் 2/32. இப்படி எண்களும் உண்டு.

ஏர் பிரேக் சோதனையை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு படி தவறினாலே தேர்வு போய்விடும். காற்று முழுதாக ஏறியதும் எஞ்சினை அணையுங்கள், சாவியை மட்டும் திருகி வையுங்கள். பார்க்கிங் பிரேக் குமிழ் இரண்டையும், அதாவது மஞ்சளையும் சிவப்பையும், உள்ளே தள்ளுங்கள். கால் பிரேக்கை முழுதாக மிதித்து ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். டிரெய்லர் மாட்டிய வண்டியில் காற்று 4 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கக்கூடாது. அப்புறம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக் காற்றை இறக்குங்கள். 55 பிஎஸ்ஐ-க்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை விளக்கும் கீச்சென்ற ஒலியும் வர வேண்டும். இன்னும் மிதியுங்கள். 45-க்கும் 20-க்கும் நடுவே எங்கோ இரண்டு குமிழ்களும் 'டப்' என்று தாமாகவே வெளியே துள்ளும். காற்றுப் போனால் வண்டி தன்னால் நிற்கும் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அத்தாட்சி. நாமக்கல் பட்டறைகளில் காற்றுக் கசிவைக் காதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இங்கே கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி ஒன்று. டிரெய்லர் பின்பக்கம் இடது போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது திருப்ப வேண்டும். இருபது வருடம் கார் ஓட்டிய கை இதற்கு ஒத்துக்கொள்ளாது. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திடீரென்று பிடிபடும். அதுவரை மனம் தளராதீர்கள். மற்றவர்கள் எடுக்கும்போது நிழலில் உட்காராமல் பக்கத்தில் நின்று டிரெய்லர் சக்கரத்தைப் பாருங்கள். அதில் கற்றதுதான் எனக்கு அதிகம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் லைசென்ஸில் கியர் வண்டி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு விழும். இப்போது பெரிய கம்பெனிகளில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். தொடக்கத்தில் இது தடையாக இருக்காது.

டிரெய்னரோடு சில வாரங்கள்

லைசென்ஸ் கிடைத்ததும் தனி வண்டி தரமாட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு, ஒரு குளியலறை அளவுள்ள கேபினில், மேலே கீழே இரண்டு படுக்கையில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். அவர் ஓட்டும்போது நீங்கள் தூங்க வேண்டும், குலுங்கும் வண்டியில். பயிற்சியைப் பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலர் இங்கேதான் விடுகிறார்கள். டிரெய்னர் கத்தினால், தூக்க நேரத்தில் ஓட்டச் சொன்னால், தொந்தரவு செய்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து மாற்றிக் கேளுங்கள். இதைக் கேட்பதில் தவறே இல்லை. பெண்கள், யாரோடு அனுப்புவார்கள், எங்கே தங்க வைப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்கு 12 வோல்ட் அடுப்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோனால் டிரக் ஸ்டாப் வறுவலில் உடம்பு கெடாது. ஆனால் கருவாட்டைப் பற்றி டிரெய்னரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

தனியாக முதல் ஆண்டு

நேரக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலையைத் தொடங்கினால் 14 மணி நேர ஜன்னல், அதாவது அன்றைய வேலைக் கெடு, திறக்கிறது. அதற்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். எட்டு மணி நேரம் ஓட்டிய பின் அரை மணி ஓய்வு கட்டாயம். காலை 6-க்குத் தொடங்கி, குடோனில் ஐந்து மணி நேரம் காத்திருந்தாலும், இரவு 8-க்கு ஜன்னல் மூடும். வண்டியில் உள்ள மின்னணுப் பதிவுக் கருவி இதை நிமிடம் நிமிடமாகக் குறிக்கிறது. அதனால் மாலை நான்கு மணிக்கே இரவு எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். ஏழு மணிக்கு மேல் பல டிரக் ஸ்டாப்புகளில் இடம் இருக்காது. 'சீக்கிரம் வா' என்று லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் அழுத்தினாலும், தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். நிறுத்தியதற்கான காரணத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பி வையுங்கள்.

சம்பளம் மைல் கணக்கு. உதாரணத்துக்கு மைலுக்கு 45 சென்ட், வாரம் 2,000 மைல் என்றால் பிடித்தத்துக்கு முன் 900 டாலர். லோடு இல்லாத வாரம் இதில் பாதியும் வரலாம். 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் ஓவர்டைம் பாதுகாப்பு மாநிலம் தாண்டும் டிரக் டிரைவருக்குப் பொருந்தாது. 2024 மே மாத அரசுக் கணக்குப்படி கனரக டிரக் டிரைவர்களின் நடுமட்ட ஆண்டு வருமானம் 57,440 டாலர். முதல் ஆண்டில் அதைவிடக் குறைவாகவே எதிர்பார்த்துக் குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

விபத்தில்லாமல் இந்த ஆண்டைக் கடப்பதுதான் உங்கள் உண்மையான சம்பளம். புதியவர்களின் விபத்துகள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நடப்பதில்லை. ரிவர்ஸில், டிரக் ஸ்டாப்பில், பக்கத்து வண்டியின் முகப்பைக் கிழிப்பதில் நடக்கின்றன. சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். நான்கு முறை இறங்கினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை. கார் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். டிரெய்லரின் உயரம் 13 அடி 6 அங்குலம். வட கரோலினாவின் டர்ஹமில் 11 அடி 8 அங்குலப் பாலம் ஒன்று டிரக் கூரைகளைக் கிழித்தே பெயர் வாங்கியது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதன் பிறகும் வண்டிகள் மாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

எவ்வளவு கோபம் வந்தாலும் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கம்பெனியின் டெர்மினலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை ஒப்படைத்து, படம் எடுத்துக்கொண்டு போங்கள். 'வண்டியைக் கைவிட்டார்' என்று டாக் அறிக்கையில், அதாவது புதுக் கம்பெனிகள் பார்க்கும் உங்கள் வேலை வரலாற்றுப் பதிவில், ஏறினால் ஆண்டுக்கணக்கில் அது பின்தொடரும்.

ஆறு மாதம் ஆனதும் ஒருவர் வந்து தோளில் கைபோட்டு, "நீயே முதலாளி ஆகலாம், முன்பணம் வேண்டாம்" என்பார். கம்பெனி வண்டியை வாடகைக்கு எடுத்துத் தவணை கட்டி வாங்கும் லீஸ்-பர்ச்சேஸ் திட்டம் இது. வாராவாரம் வண்டித் தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். லோடு கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் கையில். கழித்துப் பார்த்தால் வாரக் கடைசியில் மைனஸில் நிற்கிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதை ஆராய மத்திய அரசே அமைத்த குழு, இந்தத் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. முதல் ஆண்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாண்டு முடியும் நாளில், பாக்கி ஏதுமில்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். டாக் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கி, தவறான பதிவு இருந்தால் மறுப்புத் தெரிவியுங்கள். புதுக் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிடும் முன்பே இந்த இரண்டு காகிதமும் உங்கள் பையில் இருக்க வேண்டும்.